பதினேழு பிழைகள்

"பதினேழு தப்புப்பா! நேத்து சாயங்காலம் ஒண்ணுகூட இல்லை," என்றாள் மகள், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணக்கு வாத்தியாரான அப்பா பதினெட்டு வருடம் உழைத்து எழுதிய நிரூபணத்தை அவள் இணையப் பக்கமாக்கிக்கொண்டிருந்தாள். சூத்திரங்கள் திரையில் சரியாகத் தெரிய அவற்றைச் சுற்றி இடும் கணினிக் குறிகளில் ஒன்று விட்டுப்போனாலும் சரிபார்க்கும் மென்பொருள் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரமாக இதே கூத்து. மாலையில் எல்லாவற்றையும் திருத்தி, அப்பா ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்று வைத்துவிட்டுப் போவாள். காலையில் பிழைகள் மறுபடி முளைத்திருக்கும்.

"விட்டுடும்மா. உனக்கே வேலை தலைக்கு மேல கிடக்கு."

"எப்படிப்பா விடறது? உங்க உழைப்பு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" அவள் குரல் உடைந்தது. "பத்து வருஷமா இதே தொழில்ல இருக்கேன். பெத்த அப்பாவுக்கு ஒரு பக்கத்தை ஒழுங்கா செஞ்சு தர வக்கில்லை எனக்கு."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"உன் மேல தப்பில்லை கண்ணு. குறிகளை அழிச்சது நான்தான்."

"நீங்களா? ஏன்ப்பா?"

அவர் விரல் திரையில் ஒன்பதாவது வரியைத் தொட்டது.

"நீ அழகா அடுக்கிக் காட்டின அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது. இதோட மதிப்பு பூஜ்யமாவும் இருக்கலாம். அதை யோசிக்காம இதால வகுத்துட்டேன். இதுக்குக் கீழ இருக்கிற எதுவும் நிக்காது. உன்கிட்ட சொல்ல வாய் வரலைம்மா."

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை.