பஞ்சுச் சோதனை

“கதவுக்கு வெளியவே நில்லு. கூப்பிட்டா உள்ள வா” என்று நாகமுத்துவை நிறுத்தினாள் நர்ஸ் லில்லி. பணிப்பெண் ஆண்டாள் சூடு தாங்காமல் முந்தானையால் பிடித்துக் கொண்டுவந்த டீ டம்ளரை வாங்கி, வலது கையால் பொத்திக்கொண்டு நிதானமாகக் குடித்தாள்.

கிருமாம்பாக்கம் துணை சுகாதார நிலையத்தில் அன்று தோல் டாக்டர் வீடியோவில் பார்க்கும் நாள். நாகமுத்துவின் தோளில் வெளுத்த படை. போன வாரம் அதைக் கண்டதுமே, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, தொழுநோய் என்று சொல்லிவிட்டாள் லில்லி. மறுநாளிலிருந்து அவன் மனைவி சிந்தாமணியின் மீன்கூடைப் பக்கம் யாரும் வரவில்லை.

“டாக்டரு சொல்றதுக்கு முன்னாடி நீ ஏன் சொன்ன? இப்ப நாங்க இன்னா பண்றது?” என்றாள் சிந்தாமணி.

லில்லி டம்ளரை வைத்துவிட்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

பாண்டியிலிருந்து டாக்டர் எழிலரசன் திரையில் வந்தார். டியூப் லைட்டில் எல்லாமே வெளுப்பாகத் தெரிகிறது, ஜன்னலோரம் உட்கார வையுங்கள் என்றார். பிறகு, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் படையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்; தொழுநோய் என்றால் தொடுவது தெரியாது.

தொட்டபோதெல்லாம் நாகமுத்து சரியாகச் சொன்னான்.

“ஓரக்கண்ணால பாக்கறான் சார்” என்றாள் லில்லி.

சிந்தாமணி தன் உள்ளங்கையால் கணவனின் கண்களைப் பொத்தினாள். லில்லி பஞ்சால் அழுத்தியே தொட்டாள், லேசாகவும் தொட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

நிறம் இன்னும் பிடிபடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையைப் படைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றார் டாக்டர். முகத்தைச் சுளித்துக்கொண்டு லில்லி வலது கையை வைத்தாள்.

டாக்டரின் முகம் திரையை நெருங்கி வந்தது.

“அவருக்கு வெறும் தேமல்தான். பூசுற மருந்து போதும்.”

சிந்தாமணி ஆத்திரத்தோடு லில்லி பக்கம் திரும்பினாள். அதற்குள் டாக்டரின் குரல் மறுபடி வந்தது.

“கையை எடுக்காதீங்க சிஸ்டர். சுண்டு விரல்கிட்ட வெளுத்திருக்கே, எவ்வளவு நாளா?”

“சோப்பு ஒத்துக்கல சார்.”

“பஞ்சை அந்தம்மாகிட்ட குடுங்க. இப்ப நீங்க கண்ணை மூடுங்க.”