போதும், திரும்பு!

ஸ்டர்லிங் நெடுஞ்சாலை மேம்பாலத்தில் ஐல்சா முதல் ஆளாக வந்து நின்றிருந்தாள். அணுகுண்டு எதிர்ப்புக் குழுத் தலைவர் டூகல் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“குண்டு லாரி வருதுன்னு இப்பதான் எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன். அதுக்குள்ள பறந்து வந்துட்டியாம்மா?”

“இதை விட்டா அடுத்த தடவை எப்பவோ!”

“போன தடவை காய்ச்சலோட வந்து நின்ன. நேத்து சேர்ந்தவ, எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்ட. குண்டு மேல அவ்வளவு கோபமா?”

“வீட்டையே வெறிச்சோட வைக்குதே, கோபம் வராதா?”

அவள் கையிலிருந்த பலகையில் ‘போதும், திரும்பு!’ என்று எழுதியிருந்தது.

“நறுக்குனு இருக்கு. ஆனா ஒருத்தனும் திரும்ப மாட்டான். குண்டு ஏத்தின லாரி யாருக்காகவும் நிக்காது.”

“தெரியும்” என்றாள் மெல்ல.

காவல் வண்டிகள் சூழ, ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. ஐல்சா பலகையைத் தலைக்குமேல் தூக்கினாள். பளீரென்ற வெயிலில், கடைசி லாரியின் வைப்பர் மட்டும் ஒருமுறை அசைந்து நின்றது. லாரி பாலத்துக்கு அடியில் புகுந்தது. அவள் எதிர்ப்பக்கக் கைப்பிடிக்கு ஓடி, அது புள்ளியாகும்வரை கையசைத்தாள்.

“ஒரு சொட்டு மழை இல்ல, வைப்பர் போடறான்! அந்த டிரைவர் என்ன லூசா?”

“என் வீட்டுக்காரர்” என்றாள் ஐல்சா, கண்ணைத் துடைத்தபடி. “எப்பக் கிளம்புவோம், எந்த வழியாப் போவோம்னு பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதாம். நீங்கதான் கரெக்டாச் சொல்லிடறீங்க.”