முதல் ஓலை

“இன்னிக்கு சர்ச்சுல உன் கல்யாண ஓலைய வாசிக்கட்டும். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, இது நடக்கக் கூடாதுன்னு சொல்றேன்.”

மகன் ஜெரால்ட் போட்ட கூச்சலில் ஸ்டெல்லா பவுடர் டப்பாவை மூடி வைத்தாள். “மெதுவா பேசுப்பா. காம்பவுண்டே கேட்டுக்கினு கீது.”

குழாயில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் காம்பவுண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

“இந்த வயசுல உனக்கு மீஞ்சூர் மாவு மில்லுக்காரன் கேக்குதா?”

ஜெரால்ட் சொன்னால் செய்கிற ஆள். சபை நடுவே அசிங்கப்பட்டால் அந்த மனிதர் ஓடியே போய்விடுவார்.

“ஒரு காலத்துல சுருட்ட முடி, சர்க்கார் உத்தியோகம்னு கனவு கண்டேன். இப்ப, ராத்திரில மூச்சு முட்டுனா எழுப்ப ஒரு ஆளு போதும். நீ கும்மிடிப்பூண்டிக்கு நைட் ஷிப்ட் போய்டற. காலைல நீ கதவத் தொறக்கறப்ப உசுரோட இருப்பனான்னு தெனம் பயமா கீது. அன்னிக்கு எங்கப்பாவுக்கு பயந்து உங்கப்பாவ கட்டிக்கினேன். அவரும் போய்ச் சேந்துட்டாரு. இன்னிக்கு பெத்த புள்ள உனக்கு பயந்து இவர உட முடியாதுப்பா.”

ஆராதனையில் போதகர் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஜெரால்ட் எழுந்தான். சபையே திரும்பியது. நெஞ்சைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறும் அம்மாவைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஸ்டெல்லா மீஞ்சூருக்குக் குடிபோனாள். சோறாக்கிப் போட ஆளில்லாத ஜெரால்ட், ஆறே மாதத்தில் கிறிஸ்டினாவைக் கட்டிக்கொண்டான். அவளுக்கும் நைட் ஷிப்ட்டாம்; சோறாக்குவது ஜெரால்ட்தான்.