ஓடாத பி.டி. வாத்தியார்

"என்ன வே எலியேசர், மெட்ராஸ்ல ஒமக்கு நெஞ்சைச் சுட்டாங்களா, இல்ல காலைச் சுட்டாங்களா?"

சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனார் தமிழ் வாத்தியார் சங்கிலிபூதத்தான்.

எலியேசரும் சேர்ந்து சிரித்தார். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த அவர் மனைவி சாரம்மாளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் எலியேசர். விசிலை ஊதிவிட்டு நிழலில் உட்காருகிற ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு முன்னால் தானே ஓடுவார். போன வருஷம் விளையாட்டு விழா ஒத்திகையில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அடங்கவே இல்லை. மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார்.

இதயத்துக்குள் மின்சாரம் குறுக்குவழியில் ஓடுகிறது என்றார்கள் மெட்ராஸில். அப்லேஷன் என்று ஒரு சிகிச்சை. நெஞ்சைப் பிளக்கவில்லை. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை விட்டு, அந்தக் குறுக்குவழியை மட்டும் சுட்டு அடைத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிருவீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

எங்கே ஆனார்?

மறுபரிசோதனைக்கு மெட்ராஸுக்குத் தனியாகப் போய்வந்தவர், வீட்டுப்படி ஏறும்போதே சொன்னார்: "டாக்டர் பைய நடக்கச் சொல்லுதாரு, சாரா. ஓடப்பிடாதாம். தனியாவும் போகப்பிடாது, கூட ஒரு ஆள் வேணுமாம்."

கூட வர வேறு யார் இருக்கிறார்கள்? சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த தெரு கோயிலுக்கே ரிக்‌ஷா தேடுகிற சாரம்மாள், அன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலும் கையுமாக விடிகாலையில் மைதானத்துக்கு வந்தாள். மனுஷன் மறுபடி விழுந்துவிட்டால்?

அவரோ ஆமை மாதிரி நடந்தார். நாடியைப் பிடித்துப் பார்ப்பார். "மூச்சு வாங்குது, சாரா. செத்த உக்காருவோமா?" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். எழுபது வயதுக் கிழவர்கள்கூட அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்துவிட்டது. அவர் நடை மட்டும் மாறவில்லை.

கடைசியில் தலைமையாசிரியர் கூப்பிட்டு, ஓட்டக்காரப் பிள்ளைகளைப் புதிதாக வந்த இளம் வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டார். "நீங்க உடம்பைப் பாத்துக்கிடுங்க, சார்."

அன்றைக்குச் சாரம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"ஒங்க சீக்கு நெஞ்சுல இல்ல. மனசுல. பயம்! நாலு எட்டு வேகமா வச்சுப் பாருங்களேன். நான்தான் கூட வாரேனே."

"பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டு சொர்ணாம்பாளிடம் சாரம்மாள் அழுதே விட்டாள். "சிங்கம் மாதிரி இருந்த மனுஷன்க்கா. இப்படிக் கோழையாப் போவாருன்னு நெனைக்கவே இல்ல."

அந்த வாரம் தங்கை மகளுக்கு முக்கூடலில் நிச்சயதார்த்தம். பரீட்சை நேரம் என்று எலியேசர் வரவில்லை. ராத்தங்கிய சாரம்மாளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அவர் தனியாக நடக்கப் போயிருப்பாரோ என்ற கவலை. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து, மைதானத்துப் பக்கமே இறங்கினாள்.

இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மைதானத்தில் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தார். பழைய எலியேசர்! முழங்கை மடங்கி, தலை நிமிர்ந்து, வளைவில் லேசாகச் சாய்ந்து ஓடுகிற அதே ஓட்டம்.

முதலில் பயம்தான் வந்தது. "ஏங்க, நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே அவளும் மைதானத்துக்குள் ஓடினாள்.

அவர் திடுக்கிட்டு நின்றார். வேர்த்து ஊற்றியது. ஆனால் மூச்சு நிதானமாக இருந்தது. பயம் போய், அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஓடப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னிய?"

"இல்ல, சாரா. அந்த மறுபரிசோதனையிலயே ஓடலாம்னுட்டாரு. இன்னைக்கு நீ இல்லையேன்னு ஓடிப் பாத்தேன். மொதச் சுத்து பயந்துக்கிட்டேதான் ஓடினேன். ஒண்ணும் செய்யல."

"அப்ப இத்தன நாளும் நடிச்சியளா? ஊரே சிரிச்சுதே! பிள்ளைகளையும் இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டாவளே! யாரை ஏமாத்த இந்த வேஷம்?"

எலியேசர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன மாசம் ஒனக்குச் சர்க்கரை நல்லா எறங்கியிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாவளே. எப்படிம்மான்னு கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?"

"ஜெபம்னு சொன்னேன். அதுக்கு என்ன இப்போ?"

"ஜெபமும்தான்." அவர் சிரித்தார். "ஒன்னைய நடக்க வைக்கணும்னு அந்தம்மா எத்தன வருசமாச் சொல்லுதாவ. நானும் சொல்லிச் சொல்லித் தோத்தேன். எனக்குக் காவல்னதும் ஒரு நாள் தவறாம வந்துட்டே. நான் ஓட ஆரம்பிச்சா நீ வீட்டுலயே இருந்துருவியே, சாரா."