பக்கத்துத் துண்டு

பேச்சியம்மாளின் குடலிலிருந்து கட்டியை எடுத்துப் பத்து நாளாயிற்று. அதில் வீக்கத்தைத் தூண்டும் நொதியும், வளர்ச்சிக்கு வாசல் திறந்துவிடும் ஏற்பியும் மிகுந்திருந்தால், ஆய்வகத்தில் கட்டியின் துண்டில் ஏற்றும் சாயம் பழுப்பாக ஏறும், கட்டி திரும்பி வரவும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னோடதுதானே தாயி, நான் பாக்கக் கூடாதா?" என்று ஆய்வகத்து ஜெசிந்தாவைக் கெஞ்சினாள். ஜெசிந்தா துண்டு ஒட்டிய கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் பேச்சியம்மாள் நுண்ணோக்கியில் குனிந்துவிட்டாள். எங்கும் பழுப்பு.

"சரி. மகன்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க? அது நீங்க இல்லம்மா. சாயம் ஒழுங்கா ஏறுதான்னு பாக்க, முன்னாடி வைத்தியத்துக்கு வந்த பழைய ஆளு ஒருத்தரோட, பழுப்பு ஏறும்னு தெரிஞ்ச துண்டை எல்லாத் தகட்டுலயும் ஓரமா வைப்போம்." ஜெசிந்தா தகட்டைச் சற்று நகர்த்தினாள். "இதான் நீங்க."

வெளிர்நீலம். பழுப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

"என் குடலு இம்புட்டு அழகா?" என்று சிரித்தாள் பேச்சியம்மாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பழைய ஆளு யாரு?"

"பேரு தெரியாதும்மா. நம்பர்தான் இருக்கு."

"கொஞ்சம் பழையபடி நகத்தி வையி தாயி. வந்ததுக்கு அவங்களையும் ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."