முருகைக்கல் டொட் எல்.கே.

“என்ட இடத்த எவனோ புடிச்சிட்டான் காக்கா!”

நளீர் கத்திய கத்தலில் கல்முனை நெட் கபேயே திரும்பிப் பார்த்தது. சுனாமிக்குப் பிறகு காணிச் சண்டை பார்த்துப் பழகிய ஊர் அல்லவா, ஒருவர் “எத்தின பேர்ச் காணி?” என்றே கேட்டுவிட்டார்.

காணியுமில்லை, பேர்ச்சுமில்லை. அறுகம்பேக் கடற்கரையில் நளீர் திறக்கப்போகும் ‘முருகைக்கல்’ விடுதிக்கு இணையத்தில் ஒரு முகவரி வேண்டும். போர்டிலும் ரீசேர்ட் சட்டைகளிலும் ‘முருகைக்கல் டொட் எல்.கே.’ என்று அடித்து முடித்த பிறகுதான், ஆள் அதைப் பதிய வந்திருக்கிறான்!

“பக்கத்துல இன்னொண்டு பதிய ஏலாதா காக்கா?”

“இதென்ன பெட்டிக் கடையா? நாட்டுக்கே ஒரு முருகைக்கல்தான். முந்திக் கேட்டவருக்குத்தான் அது,” என்றார் கடைக்கார அபுல் ஹஸன் காக்கா.

“சண்ட முடிஞ்சி வாற முதல் நல்ல சீசன். வெள்ளக்காரன் அதப் பார்த்துத்தானே வருவான்! இரிந்ததெல்லாம் இந்த விடுதியிலதான் போட்டிரிக்கன்.”

நளீருக்குச் சட்டென்று பொறி தட்டியது. பக்கத்து விடுதி முகைதீன்பாவா! “போன கிழம போர்ட் எழுதக்குள்ள அவன்தான் எட்டி எட்டிப் பார்த்தவன்.”

“இது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தியே பதிஞ்சிரிக்கி தம்பி.”

கோபக்காரனுக்கு நாள்கிழமையெல்லாம் எங்கே காதில் விழும்? “அவன்தான்! இண்டைக்கு அவனா நானா பார்ப்பம்!” என்று சட்டைக் கையை மடித்தான்.

அபுல் ஹஸன் பேச்சை மாற்றினார். “அது கிடக்கட்டும். மாமாட மகளக் கலியாணம் முடிக்கிற கத என்ன?”

“உம்மா விடுறா இல்ல. பொண்ணுட பேர்ல வீடு இல்லாம நிக்காஹ் இல்லையாம். மாமாட வீட்டத்தான் கடல் கொண்டு போய்த்தே. நான் என்ன செய்ய?”

உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. முகைதீன்பாவாவை அடிக்க மட்டும் கை துடித்தது.

அதற்குள் கணினியில் அந்த முகவரி திறந்தது. படமில்லை, பந்தலில்லை, ஒரு கைபேசி இலக்கம் மட்டும். நளீர் கடைப் போனைப் பறித்து அந்த இலக்கத்தை அழுத்தினான்.

“டேய் கள்ளா! என்ட பேர எடுக்க நீ ஆருடா?”

“கத்தாதீங்க மச்சான், காது அடைக்கி.”

மாமா மகள் றிஸ்னாவின் குரல்! நளீர் மடித்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டான்.

“நீ... நீயா புள்ள?”

“நீங்க பேர் சொன்ன அண்டைக்கே பதிஞ்சிட்டன்.”

“அத எனக்குத் தாவன் புள்ள. போர்டெல்லாம் எழுதியாச்சி!”

“அவசரப்படாதீங்க. முதல்ல மாமிக்கிட்ட, உங்கட உம்மாக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. பொண்ணுட பேர்ல வீடு இல்லாட்டி என்ன, மாப்பிள்ளட விடுதியே அவட பேர்லதான் இரிக்காம் எண்டு!”