ஒத்தப்பனை, பதினோரு வீடு

அருப்புக்கோட்டையில் தண்ணீர் லாரியைச் செல்போனில் வரவழைக்கும் செயலி ஒன்றை எழுதிய கார்த்தீஸ்வரன், “எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் இரண்டு கிளவுட் தளங்களில், அதாவது இணையத்தில் வாடகைக்கு இடம் தருபவர்களில், எதில் அதை ஓட்டுவது என்று நான்கு மாதமாக ஆராய்ந்தான். ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் வந்தாலும் தாங்குமா என்பதே அவன் கவலை. அதுவரை ஒருவரும் வரவில்லை.

“வெள்ளிக்கெழமைக்குள்ள உண்மையான ஆளு ஒருத்தராச்சும் தண்ணி கேக்கணும். இல்லைன்னா நான் பெங்களூரு வேலைக்கே போறேன்” என்றாள் மனைவி தேவிபிரியா.

அன்றிரவே செயலியை ஒரு தளத்தில் ஏற்றினான். புதன்கிழமை காலையே அதில் ஆர்டர் வந்தது. நரிக்குடிப் பக்கம் ஒத்தப்பனை, பதினோரு வீடு.

“ஏலே, அங்க ஏது வீடு? கெணறு வத்துனதும் ஊரே காலி பண்ணிட்டுப் போயிட்டாக. இப்ப கருவேலமுள்ளுதான்” என்றான் லாரிக்கார மருதுபாண்டி.

தளத்தில்தான் கோளாறு என்று கார்த்தீஸ்வரன் அவனுக்கு அரைமணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டாவது தளத்தில் புதிதாக ஏற்றினான். புது முகவரியை யாருக்கும் சொல்லவில்லை. வியாழன் காலை அதே பதினோரு வீடு கேட்டது. கீழே, “நேத்தும் வரல” என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் மருதுபாண்டியைக் கெஞ்சி, டேங்க் நிறையத் தண்ணீரோடு லாரியை அனுப்பினான். மதியம் லாரி திரும்பியது.

“ஒரு ஆளையும் பாக்கல. நான் குழாயத் தொறக்கவேயில்ல” என்றான் மருதுபாண்டி.

டேங்க் காலியாக இருந்தது.

பெட்டியோடு நின்ற தேவிபிரியாவிடம் கார்த்தீஸ்வரன், ஒத்தப்பனையிலிருந்து புதிதாக வந்திருந்த செய்தியோடு செல்போனை நீட்டினான். அவள் வாசித்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

“மூணு வீட்டுக்குத்தான் பத்துச்சு. நாளைக்கும் வாங்க.”